இசைவுப் புகைக்குழாய் வெப்பக் காப்புறை

இசைவுப் புகைக்குழாய் வெப்பக் காப்புறை என்பது, மாதிரிப் பந்தயப் படகுகளின் இருவீச்சுப் பொறிகளில் பொருத்தப்படும் இசைவுப் புகைக்குழாயின் மீது, வெப்பத்தை எளிதில் கடத்தாத இழைநாடாவைச் சுற்றி அமைக்கப்படும் உறை ஆகும். பொறியின் வெப்பம் படகின் உடற்பகுதியையும் மின்கருவிகளையும் தாக்காமல் தடுப்பது இதன் ஒரு பயன். குழாயினுள் இருக்கும் வளிமத்தின் வெப்பநிலை தாறுமாறாக மாறாமல் காப்பது மற்றொரு பயன். பந்தயத்தைப் பொறுத்தவரை இரண்டாவதே முதன்மையானது. இசைவுப் புகைக்குழாய் ஒலியலைகளின் துணையுடன் இயங்குகின்றது; ஒலியின் வேகமோ வளிமத்தின் வெப்பநிலையைப் பொறுத்தது. எனவே குழாய் குளிர்ந்தால், அதன் நீளம் மாறாதபோதும், அது வேறு நீளமுடைய குழாயைப் போல நடந்துகொள்கின்றது.

## இசைவுப் புகைக்குழாய்

இருவீச்சுப் பொறியில் புகை வெளியேறுவதற்கும் புதிய எரிபொருட் கலவை உட்புகுவதற்கும் தனித்தனி வீச்சுகள் இல்லை. பிஸ்டன் கீழிறங்கும்போது முதலில் புகைத்துளையும், சற்றுப் பின்னர் கலவைத் துளைகளும் திறக்கின்றன. பிஸ்டன் மேலேறும்போது கலவைத் துளைகள் முதலில் மூடுகின்றன. புகைத்துளை அதன் பின்னரே மூடுகின்றது. இந்த இடைவெளியில் புதிய கலவையின் ஒரு பகுதி எரியாமலேயே புகைத்துளை வழியாக வெளியேறிவிடும். இது இருவீச்சுப் பொறியின் அடிப்படைக் குறைபாடாகும். இக்குறையை அசையும் உறுப்பு எதுவும் இல்லாமல், குழாயின் வடிவத்தைக் கொண்டே பெருமளவு ஈடுசெய்வது இசைவுப் புகைக்குழாய்.

இக்குழாய் பின்வரும் பகுதிகளைக் கொண்டது:

* தலைக்குழாய் – சிலிண்டரின் புகைத்துளையிலிருந்து தொடங்கும் குறுகிய பகுதி.
* விரிகூம்பு – படிப்படியாக அகலும் பகுதி.
* நடுவுடல் – ஒரே விட்டமுடைய அகன்ற பகுதி.
* ஒடுங்குகூம்பு – மீண்டும் குறுகும் பகுதி.
* வால்குழாய் – புகை வெளியேறும் சிறிய குழாய்.

புகைத்துளை திறந்தவுடன் ஓர் உயரழுத்த அலை குழாய்வழியே ஒலியின் வேகத்தில் பின்னோக்கிச் செல்கின்றது. அது விரிகூம்பை அடையும்போது, தாழழுத்த அலையொன்று சிலிண்டரை நோக்கித் திரும்பி வருகின்றது. இத்தாழழுத்தம் எஞ்சிய புகையை வெளியே இழுப்பதுடன், கிராங்க் அறையிலுள்ள புதிய கலவையையும் சிலிண்டருக்குள் வரவழைக்கின்றது. முதல் அலையின் எஞ்சிய பகுதி ஒடுங்குகூம்பில் மோதி, உயரழுத்த அலையாகவே திரும்புகின்றது. புகைத்துளை மூடுவதற்குச் சற்று முன்னர் இது வந்து சேருமானால், தலைக்குழாய்க்குள் தப்பிச்சென்ற கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளிவிடும். சரியான நேரத்தில் வந்தால் ஆற்றல் கூடும். முந்தியோ பிந்தியோ வந்தால் ஆற்றல் குறையும்.

## வரலாறு

விரிவறையுடன் கூடிய புகைக்குழாயைச் செருமானியப் பொறியாளர் லிம்பாக் 1938 ஆம் ஆண்டில் உருவாக்கினார். எரிபொருளைச் சிக்கனப்படுத்துவதே அதன் நோக்கமாக இருந்தது. 1950களில் கிழக்கு செருமனியின் எம்சட் நிறுவனத்தில் பணியாற்றிய வால்ட்டர் காடன், பந்தய மோட்டார் சைக்கிள்களுக்காக இதனை முறையாக ஆராய்ந்து வளர்த்தெடுத்தார். 1961 இல் அவரது 125 கன செ.மீ. பொறி ஏறத்தாழ 25 குதிரைத்திறனை, அதாவது ஒரு லீட்டர் கொள்ளளவுக்கு 200 குதிரைத்திறன் என்ற அளவை எட்டியது. அதே ஆண்டில் அந்நிறுவனத்தின் பந்தய வீரர் எர்ன்சுட்டு டெக்னர் சுவீடனில் நடந்த பந்தயத்தின்போது மேற்கு நாடுகளுக்குத் தப்பிச் சென்று, பின்னர் சப்பானின் சுசுக்கி நிறுவனத்தில் சேர்ந்தார். அவருடன் இத்தொழில்நுட்பமும் சென்றது. 1962 இல் சுசுக்கி வண்டியில் டெக்னர் 50 கன செ.மீ. பிரிவின் உலகப் பட்டத்தை வென்றார்.

மாதிரிப் பொறிகளில் இக்குழாய் 1960களின் நடுப்பகுதியில் கவனம் பெற்றது. கம்பியில் பிணைக்கப்பட்டு வட்டமாகப் பறக்கும் வேகப்போட்டி மாதிரி விமானங்களில் அமெரிக்கரான பில் விஸ்னியூஸ்கி இதனைப் பயன்படுத்தி வெற்றி கண்டார். அதன் பின்னர் மாதிரிப் படகுகளிலும் மாதிரி மகிழுந்துகளிலும் இது பரவியது. இன்று ஐரோப்பாவை மையமாகக் கொண்டு 1959 இல் தொடங்கப்பட்ட நாவிகா அமைப்பும், வட அமெரிக்காவில் இம்ப்பா, நம்பா ஆகிய அமைப்புகளும் மாதிரி விசைப்படகுப் போட்டிகளுக்கு விதிகளை வகுக்கின்றன. இப்போட்டிகளில் பொறிகள் கொள்ளளவின்படி வகைப்படுத்தப்படுகின்றன. 3.5 கன செ.மீ. அளவுள்ள மெத்தனால் பொறி முதல் 26, 27 கன செ.மீ. அளவுள்ள பெட்ரோல் பொறி வரை பல வகைகளில் இசைவுப் புகைக்குழாயே வழக்கமாக உள்ளது.

## வெப்பநிலையும் ஒலியின் வேகமும்

வளிமத்தில் ஒலியின் வேகம் அதன் தனிவெப்பநிலையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் அமைகின்றது. 20 °செ வெப்பநிலையுள்ள காற்றில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் செல்லும். புகையின் இயைபு காற்றிலிருந்து சற்று வேறுபட்டதாயினும், காற்றுக்குரிய கணக்கே நல்ல அண்ணளவைத் தருகின்றது. அதன்படி:

* 300 °செ – நொடிக்கு ஏறத்தாழ 480 மீட்டர்
* 400 °செ – நொடிக்கு ஏறத்தாழ 520 மீட்டர்
* 500 °செ – நொடிக்கு ஏறத்தாழ 557 மீட்டர்

கோர்டன் சென்னிங்சு 1973 இல் வெளியிட்ட இருவீச்சுப் பொறிக் கையேட்டில், குழாயின் நீளத்தைக் கணிக்க நொடிக்கு 1700 அடி என்ற ஒலிவேகம் எடுத்துக்கொள்ளப்படுகின்றது. இது ஏறத்தாழ 518 மீட்டராகும். அதாவது, குழாயினுள் சராசரியாக 400 °செ அளவில் வெப்பம் இருக்கும் என்ற கருதுகோள் அந்த எண்ணுக்குள் அடங்கியுள்ளது.

அலை போய்த்திரும்ப எடுக்கும் நேரமும், புகைத்துளை திறந்திருக்கும் நேரமும் ஒத்திருக்க வேண்டும் என்பதிலிருந்து பின்வரும் சமன்பாடு கிடைக்கின்றது:

நீளம் = (புகைத்துளை திறந்திருக்கும் கோணம் × ஒலியின் வேகம்) ÷ (12 × நிமிடத்துக்கான சுற்றுகள்)

இங்கு கோணம் பாகையிலும், வேகம் நொடிக்கு மீட்டரிலும், நீளம் மீட்டரிலும் அமையும். நீளம் என்பது பிஸ்டனின் முகப்பிலிருந்து ஒடுங்குகூம்பில் அலை சராசரியாகத் திரும்பும் இடம் வரையுள்ள தொலைவாகும்.

எடுத்துக்காட்டாக, புகைத்துளை 160 பாகை திறந்திருக்கும் ஒரு பொறி நிமிடத்துக்கு 16,000 சுற்றுகளில் உச்ச ஆற்றலைத் தரவேண்டும் எனக் கொள்வோம். ஒரு சுற்றுக்கு 3.75 மில்லிநொடி ஆகும். புகைத்துளை அதில் ஏறத்தாழ 1.67 மில்லிநொடி மட்டுமே திறந்திருக்கும். வளிமம் 400 °செ வெப்பத்தில் இருந்தால் தேவையான நீளம் 43.3 செ.மீ. ஆகும். அதே வளிமம் 300 °செ அளவுக்குக் குளிர்ந்தால் தேவையான நீளம் 40 செ.மீ. ஆகக் குறையும். குழாயோ வெட்டப்படாமல் 43.3 செ.மீ. நீளத்திலேயே இருக்கும். ஆகவே அது இப்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 14,770 சுற்றுகளுக்கே இசைவாக இருக்கும். அதாவது 100 பாகை வெப்ப இழப்பு 1,200க்கும் மேற்பட்ட சுற்றுகளை இடம்பெயரச் செய்துவிடும். பந்தயக்காரர்கள் குழாயின் நீளத்தை அரை சென்டிமீட்டர் அளவில் மாற்றிப் பார்த்து இசைவிப்பது வழக்கம் என்பதைக் கொண்டு, 3.3 செ.மீ. என்பது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை உணரலாம்.

இதனை ஒத்த நிகழ்வு இசைக்கருவிகளிலும் காணப்படுகின்றது. புல்லாங்குழல் வாசிப்பவரின் மூச்சால் வெதுவெதுப்பானதும் அதன் சுருதி சற்று ஏறிவிடும். குழலின் நீளம் மாறுவதில்லை. உள்ளிருக்கும் காற்றில் ஒலியின் வேகமே மாறுகின்றது.

## படகுகளில் எழும் சிக்கல்

மோட்டார் சைக்கிளின் குழாயைக் குளிர்விப்பது பெரும்பாலும் காற்றே. மாதிரிப் படகில் நிலைமை வேறு. குழாய் படகின் உடற்பகுதிக்கு மேல் திறந்தோ, உள்ளே மூடிக்கு அடியிலோ அமைந்திருக்கும். திருப்பங்களிலும், முன்செல்லும் படகின் நீர்த்தாரையைக் கடக்கும்போதும், நீர் அதன் மீது தெறிக்கின்றது.

ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,260 சூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். 200 கிராம் எடையுள்ள அலுமினியக் குழாயொன்றின் வெப்பநிலை ஒரு பாகை குறைய 180 சூல் இழக்கப்பட்டாலே போதும். ஆகவே ஒரு கிராம் நீர் முழுவதும் அக்குழாயிலிருந்தே வெப்பத்தை எடுத்து ஆவியாகுமானால், குழாயின் சுவர் 12 பாகைக்கு மேல் குளிரும். பத்து கிராம் நீரில் அது 120 பாகையைக் கடக்கும். உள்ளே விரைந்து செல்லும் வளிமம் சுவரின் அளவுக்குக் குளிர்வதில்லை. எனினும் மெல்லிய சுவர் குளிர்ந்தவுடன் வளிமத்தின் வெப்பமும் இறங்கத் தொடங்கிவிடும்.

இதன் விளைவைப் படகின் உந்துசுழலி மேலும் கடுமையாக்குகின்றது. உந்துசுழலியைச் சுழற்றத் தேவையான ஆற்றல் ஏறத்தாழச் சுழற்சி வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகின்றது. பொறியின் ஆற்றல் சிறிது குறைந்தாலும், விட்ட சுற்றுகளை மீண்டும் எட்டுவது கடினமாகிவிடும். பெரும்பாலான பந்தயப் படகுகளில் பற்சக்கரப் பெட்டி இல்லை; ஓட்டுநர் கரையில் நின்று வானொலி வழியாக இயக்குகின்றார். தரைவண்டியைப் போலப் பல்லை மாற்றிப் பொறியை மீட்க வழியில்லை. படகு நேர்பாதை முழுவதும் அடங்கிய ஒலியுடன் மெதுவாக ஓடும். அடுத்த சுற்றில் குழாய் உலர்ந்து சூடானதும் அதே படகு நன்றாக ஓடும். இவ்வாறான ஒழுங்கற்ற போக்கு, எரிபொருட் கலவையின் பிழை எனத் தவறாகக் கருதப்பட்டு, காற்றுக்கலப்பியின் ஊசி தேவையின்றித் திருத்தப்படுவதும் உண்டு. கலவையை மெலிதாக்கும் அத்தகைய திருத்தம், குழாய் மீண்டும் சூடாகும்போது பொறியை அளவுக்கு மீறிச் சூடாக்கி, பிஸ்டனைச் சேதப்படுத்தக்கூடும்.

## காப்புறையின் பணி

காப்புறை குழாயின் சுவருக்கும் தெறிக்கும் நீருக்கும் இடையே ஒரு தடையாக அமைகின்றது. உறையினுள் சிக்கியுள்ள காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. வெளிப்பரப்பில் பூசப்படும் சிலிக்கோன் பூச்சு நீர் ஊறுவதைத் தடுக்கின்றது. இதனால் குழாய் விரைவில் இயங்கு வெப்பநிலையை அடைவதுடன், திருப்பத்துக்குத் திருப்பம் பெரிதும் மாறாமலும் இருக்கின்றது.

காப்புறை பொறியின் ஆற்றலைக் கூட்டுகின்றது என்ற கருத்து பரவலாக உள்ளது. இது முழுமையான உண்மையன்று. உறை சுற்றிய குழாயினுள் சராசரி வெப்பநிலை உயர்வதால் இசைவுச் சுற்றுகள் மேலே நகர்கின்றன. அதே சுற்றுகளில் உச்ச ஆற்றல் வேண்டுமாயின், குழாயைச் சற்று நீட்ட வேண்டும். உறை இல்லாதபோது சரியாக இருந்த குழாயின் மீது வெறுமனே உறையைச் சுற்றினால், பொறி பந்தயத்தின் தொடக்கத்தில் மந்தமாக இருப்பதும், உந்துசுழலியின் சுமையால் உயர்ந்த சுற்றுகளை எட்ட இயலாமல் நிற்பதும் நிகழலாம். எனவே உறை சுற்றிய பின் நீளத்தை மீண்டும் இசைவிப்பது இன்றியமையாதது.

பந்தயப் பாதையும் கருதத்தக்கது. நீண்ட நேர்பாதைகளைக் கொண்ட நீள்வட்டப் பந்தயத்திலும் நேர்கோட்டு வேகச் சோதனையிலும் நிலையான உயர்வெப்பம் நன்மை தரும். பல கூர்மையான திருப்பங்கள் உள்ள பாதையில் பொறியின் சுற்றுகள் அடிக்கடி இறங்குகின்றன. அப்போது சற்றே குளிர்ந்த குழாய் தாழ்ந்த சுற்றுகளுக்கு இசைவாக இருப்பதால், படகு திருப்பத்திலிருந்து எளிதில் மீளும். இத்தகைய பாதைகளில் குழாயின் ஒரு பகுதியை மட்டும் உறையிடுவதோ உறையின்றி விடுவதோ பொருத்தமாக இருக்கலாம்.

## பொருட்கள்

* கண்ணாடி இழைநாடா – மிகப் பரவலாகப் பயன்படுவது. ஏறத்தாழ 550 °செ வரை தாங்கும். முதன்முறை சூடாகும்போது இழைகளைப் பிணைக்கும் பொருள் எரிந்து புகை எழும்.
* பசால்ட் இழைநாடா – எரிமலைப் பாறையை உருக்கி இழுத்த இழைகளால் ஆனது. கண்ணாடி இழையைவிடச் சற்று உயர்ந்த வெப்பத்தைத் தாங்கும்.
* சிலிக்கா, பீங்கான் இழைகள் – மிக உயர்ந்த வெப்பத்தைத் தாங்குபவை. சிறு மாதிரிகளுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.
* பீங்கான் பூச்சு – நாடாவுக்கு மாற்றாகக் குழாயின் மீது பூசப்படுவது. எடை குறைவு, நீரை உறிஞ்சாது. ஆயினும் தடித்த நாடாவின் அளவுக்கு வெப்பத்தைத் தடுப்பதில்லை.

முற்காலத்தில் வெப்பக் காப்புக்குக் கல்நார் நாடாவும் கயிறும் பரவலாகப் பயன்பட்டன. கல்நார் இழைகளை மூச்சுடன் உள்ளிழுப்பது நுரையீரல் புற்றுநோய்க்கும் மீசோதெலியோமா எனப்படும் உறைப்படலப் புற்றுநோய்க்கும் காரணமாகின்றது. நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் கல்நாரின் பயன்பாடு 2005 இல் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. பழைய பொறிகளுடன் கிடைக்கும் சாம்பல் அல்லது வெண்ணிற நாடா கல்நார் அன்று என்பது உறுதியாகத் தெரியாதவரை, அதனை உலர்ந்த நிலையில் உரித்தெடுப்பது ஆபத்தானது.

## உறை சுற்றும் முறை

கண்ணாடி இழைநாடா வழக்கமாக நீரில் நனைத்த பின்னரே சுற்றப்படுகின்றது. இதனால் இழைத்துகள் பறப்பது குறைவதுடன், கூம்புப் பகுதிகளில் நாடா நன்கு படியவும் செய்கின்றது. அகலமான நாடா கூம்பின் மீது மடிப்பு விழும் என்பதால், மாதிரிப் படகுகளுக்கு 25 மி.மீ. அளவிலான ஒடுங்கிய நாடா ஏற்றது. ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றின் மீது சில மில்லிமீட்டர் படியுமாறு இழுத்துச் சுற்றப்படும். இரு முனைகளும் துருவுறா எஃகுப் பட்டைகளாலோ கம்பியாலோ இறுக்கப்படும். உலர்ந்த பின் வெப்பம் தாங்கும் சிலிக்கோன் பூச்சு இடப்படும்.

தலைக்குழாயையும் விரிவறையையும் இணைக்கும் சிலிக்கோன் இணைப்புக்குழல் உறையிடப்படுவதில்லை. சிலிக்கோன் ரப்பர் ஏறத்தாழ 200 °செ வரையே நீண்டகாலம் தாங்கும். வெப்பம் வெளியேற வழியின்றி அடைபட்டால் அது வெடித்துக் கிழியும். இதனைக் காப்பதற்காகவே பல படகுகளில் தலைக்குழாயைச் சுற்றி நீர் ஓடும் உறை அமைக்கப்படுகின்றது. தலைக்குழாய் குளிர்ந்திருப்பதால் இன்னொரு நன்மையும் உண்டு. அலையால் சிலிண்டருக்குத் திரும்பத் தள்ளப்படும் கலவை, சூடான சுவரில் பட்டு விரிந்து அடர்த்தி இழப்பது குறைகின்றது. ஆகவே தலைக்குழாயைக் குளிராகவும், விரிவறையை நிலையான வெப்பத்திலும் வைத்திருப்பது ஒன்றுக்கொன்று முரணானதன்று.

மெத்தனாலின் ஆவியாதல் வெப்பம் பெட்ரோலினதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு ஆகும். அதனால் மெத்தனால் பொறிகளின் புகை பொதுவாகக் குறைந்த வெப்பமுடையது. அவற்றில் உறையின் முதன்மை நோக்கம் வெப்பத்தைத் தக்கவைப்பது. பெட்ரோல் பொறிகளில் அருகிலுள்ள பாகங்களைக் காப்பதும் அதே அளவுக்கு முதன்மை பெறுகின்றது. படகின் உடற்பகுதியை ஆக்கும் எப்பாக்சி பிசின் பல வகைகளில் 100 °செ வெப்பத்தை எட்டுமுன்னரே மென்மையாகிவிடும்.

## குறைபாடுகளும் பாதுகாப்பும்

* பூச்சு உரிந்த உறை நீரை உறிஞ்சும். கரைக்கு வந்த பின்னும் குழாய் ஈரத்திலேயே இருப்பதால் அரிப்பு உண்டாகும்; உப்புநீரில் இது விரைவாக நிகழும்.
* அலுமினியம் 660 °செ வெப்பத்தில் உருகுவதாயினும், 200 °செ முதலே அதன் வலிமை குறிப்பிடத்தக்க அளவு குறைகின்றது. உறையிட்ட மெல்லிய அலுமினியக் குழாய் அதிர்வால் பற்றவைப்பு இடங்களில் விரிசல் காணலாம்.
* விரிசல் உறைக்குள் மறைந்துவிடும். அதன்வழிக் கசியும் சூடான புகை படகின் உட்பகுதியைக் கருக்கலாம். எனவே உறையைக் காலமுறையில் அகற்றிப் பார்ப்பது நல்லது.
* அகச்சிவப்பு வெப்பமானி உறையின் வெளிப்பரப்பையே அளக்கும். குழாயின் உண்மை வெப்பத்தை அறிய, வெப்ப இரட்டையை உறைக்கு அடியில் பொருத்த வேண்டும்.
* கண்ணாடி இழைத்துகள்கள் தோலிலும் கண்ணிலும் அரிப்பை ஏற்படுத்தும். கையுறை, கண்ணாடி, முகமூடி ஆகியன தேவை.
* உறையின் வெளிப்புறம் தொடும் அளவுக்கு ஆறியிருந்தாலும் உள்ளிருக்கும் குழாய் நெடுநேரம் சூடாகவே இருக்கும். எரிபொருள் ஊறிய உறை தீப்பற்றக்கூடியது. அதனைக் கழற்றி மாற்ற வேண்டும்.

குழாய்ச் சுவரின் அதிர்வால் எழும் ஓசையை உறை சிறிது மட்டுப்படுத்தும். ஆயினும் வால்குழாயின் வாயிலிருந்து வரும் ஓசையை அது குறைப்பதில்லை. ஓசைக் கட்டுப்பாடு உள்ள நீர்நிலைகளில் தனியான ஒலியடக்கி தேவைப்படும்.

## தொடர்புடைய முறைகள்

வெப்பநிலையைக் காப்பதற்குப் பதிலாக, அதனை வேண்டுமென்றே மாற்றும் முறையும் உண்டு. இருவீச்சுப் பொறி பூட்டிய சில நீர் விளையாட்டு ஊர்திகளில், தாழ்ந்த சுற்றுகளின்போது குழாயினுள் சிறிதளவு நீர் பீய்ச்சப்பட்டது. குளிர்ந்த வளிமத்தில் அலை மெதுவாகச் செல்வதால் குழாய் நீண்டதைப் போல இயங்கித் தாழ்ந்த சுற்றுகளில் ஆற்றலைக் கூட்டும். சுற்றுகள் உயர்ந்ததும் நீர் நிறுத்தப்படும். குழாய் சூடாகிக் குறுகியதைப் போல இயங்கும். பனியூர்திகள் சிலவற்றில் குழாயின் வெப்பநிலையை உணரியால் அளந்து, அதற்கேற்பத் தீப்பொறியின் நேரம் மாற்றப்படுகின்றது. காப்புறையும் இம்முறைகளும் ஒரே இயற்பியல் உண்மையின் வெவ்வேறு பயன்பாடுகளாகும்: இசைவுக் குழாயின் நீளம், அதனுள் இருக்கும் வளிமத்தின் வெப்பநிலையுடன் சேர்த்துக் கூறப்படும்போதே பொருளுடையதாகின்றது.

## இவற்றையும் பார்க்க

* இருவீச்சுப் பொறி
* ஒலியின் வேகம்
* வெப்பக் காப்பு
* ஒத்ததிர்வு
* கல்நார்